தாலி கட்டி ஐந்து மாதம் கழித்துதான் அவருடைய முதல் விவாகரத்தே முடிந்திருக்கிறது: இந்தக் கல்யாணத்தை ரத்து செய்வது எப்படி?

தங்கைக்காக (கோத்தகிரி):

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கைக்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 ஜூனில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மேட்டுப்பாளையம், உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கு பார்க்கிறார். அவருக்கு இது இரண்டாவது என்று தெரிந்துதான் கொடுத்தோம். "டைவர்ஸ் ஆயிடுச்சு, கோயமுத்தூர் கோர்ட்டில் ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டாச்சு" என்று சொல்லி, நிச்சயத்துக்கு முன்னால் ஒரு தாளைக் காட்டினார்கள். மேலே வழக்கு எண், பக்கத்தில் 2022 என்று வருடம், கீழே இரண்டு பேர் பெயர். எங்கள் சித்தப்பா பார்த்துவிட்டு "போன வருஷமே முடிஞ்சிருக்கு" என்றார். அடுத்த பக்கத்தை யாரும் கேட்கவில்லை. கல்யாணம் எங்கள் ஊர் மண்டபத்தில், ஐயர் வைத்து, ஊரே வந்து சாப்பிட்ட கல்யாணம்.

பதிவு செய்யலாம் என்று தங்கை சொன்னபோதெல்லாம் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிக்கொண்டே போனார். இப்போது அவளுக்கு பாஸ்போர்ட் எடுக்க வேண்டி வந்ததால் விடாப்பிடியாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருக்கிறாள். அங்கே இருந்த மேடம் தீர்ப்பு நகலை முழுசாகக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "தீர்ப்பு நவம்பர் மாசம், கல்யாணம் ஜூன்னு எழுதியிருக்கீங்களே, இதை எப்படிப் பதியறது?" என்று கேட்டாராம். இவர் கொஞ்சம்கூட யோசிக்காமல், "அப்ப கல்யாணத் தேதியை டிசம்பர்னு போட்டுக்கலாமா மேடம்?" என்றிருக்கிறார். தங்கை அன்றைக்கே பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பொய்யை விட, அதை அவர் அவ்வளவு சுளுவாகச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

குழந்தை இல்லை. அவர்கள் வீட்டில் "பரஸ்பர சம்மதத்தில் டைவர்ஸ் போட்டு முடித்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். எங்கள் அம்மா "நல்ல நாள் பார்த்து இன்னொரு மஞ்சள் கயிறு கட்டிட்டா சரியாப் போச்சு" என்கிறார். தங்கைக்கு இரண்டும் வேண்டாம். இந்தக் கல்யாணமே செல்லாது என்று எழுத்தில் வேண்டும் என்கிறாள். அப்படி வாங்க முடியுமா? எங்கே போட வேண்டும்? மேட்டுப்பாளையத்துக்கும் கோவைக்கும் அவளால் அலைய முடியாது.

வர்க்கி66 (ஊட்டி):

நகை எங்கே இருக்கு? முதலில் அதைச் சொல்லுங்க. சட்டம் அப்புறம்.

பூம்பாறைப்பூண்டு (கொடைக்கானல்):

இதை ஏன் இவ்வளவு பெரிசு பண்றீங்கன்னு தெரியலை. இப்பதான் அவருக்கு முதல் டைவர்ஸ் வந்துடுச்சே. இன்னைக்குத் தேதிக்கு அவருக்கு வேற பொண்டாட்டி கிடையாது. அஞ்சு மாசம் முன்னப் பின்ன ஆனது ஒரு குத்தமா? தீர்ப்பு வந்த நாளிலிருந்து இந்தக் கல்யாணம் தானா சரியாகிடும். அம்மா சொல்ற மாதிரி குடும்பத்தைச் சேர்த்து வைக்கப் பாருங்க.

பழைய சிரஸ்தார் (ஊட்டி):

பூம்பாறை நண்பர் சொல்வது ஊரில் பலர் நம்புவது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 5, முதல் நிபந்தனை: திருமணம் நடக்கும் நேரத்தில் இருவரில் யாருக்கும் உயிரோடு இருக்கும் கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது. தாலி ஏறுகிற அந்த நேரத்தில் நிலைமை என்ன என்பதுதான் கேள்வி. அன்றைக்கு முதல் திருமணம் உயிரோடு இருந்தால், இரண்டாவது ஆரம்பத்திலிருந்தே செல்லாது. பிரிவு 11 அதைத்தான் சொல்கிறது. பிறகு நவம்பரில் வந்த தீர்ப்பு முதல் கல்யாணத்தை நவம்பரில் முடித்தது. ஜூனுக்குப் பின்னோக்கிப் போய் எதையும் சரிசெய்யாது.

தங்கைக்காக எழுதிய அம்மாவுக்கு: அந்த 2022 என்பது வழக்குப் போட்ட வருடம். எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண வழக்கு மனு) எண்ணுக்குப் பக்கத்தில் எப்போதும் தாக்கல் வருடம்தான் இருக்கும். தீர்ப்புத் தேதி உள்ளே, நீதிபதி பெயருக்குப் பக்கத்தில் இருக்கும். கோர்ட்டில் வருடக்கணக்கில் குப்பை கொட்டியவன் என்பதால் சொல்கிறேன், பெண் வீட்டார் பாதிப் பேர் இந்த எண்ணைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். நகலின் கடைசிப் பக்கத்தில் ஒரு முத்திரை இருக்கும்: நகல் மனு கொடுத்த தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி என்று வரிசையாகக் கையால் எழுதியிருப்பார்கள். அதையும் பாருங்கள். அவர் எப்போது அந்த நகலைக் கையில் வாங்கினார் என்பது அதில் தெரியும். தங்கையிடம் அந்தப் பக்கத்தின் போட்டோ இருக்கிறதா?

தங்கைக்காக:

இருக்கிறது ஐயா. சார்பதிவாளர் அலுவலகத்திலேயே மேஜை மேல் வைத்து போனில் எடுத்துவிட்டாள். மனு தாக்கல் 2022 டிசம்பர். தீர்ப்பு 2023 நவம்பர். நகல் கொடுத்த தேதி 2024 ஜனவரி. அப்படியென்றால் கல்யாணத்துக்கு முன்னால் எங்களுக்குக் காட்டியது என்ன?

நகை பாதி எங்களிடம், பாதி அவர் அம்மா லாக்கரில்.

பழைய சிரஸ்தார்:

காட்டியது மனுவின் முதல் பக்கம். பரஸ்பர சம்மத மனுவில் முதலில் இருவரும் கையெழுத்திட்டுத் தாக்கல் செய்வார்கள். அதை ஃபர்ஸ்ட் மோஷன் என்பார்கள். பிறகு ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து "இன்னமும் இதே எண்ணம்தான்" என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் தீர்ப்பு. அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் தள்ளுபடி செய்தாலும் தீர்ப்பு என்று ஒன்று வந்தாக வேண்டும். நடுவில் யாராவது ஒருவர் மனம் மாறினால் மனுவே போச்சு. முதல் கையெழுத்தை விவாகரத்து என்று நினைத்து, அல்லது நினைத்த மாதிரி நடித்து, பெண் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

கருப்புக்கோட்டு (குன்னூர், வழக்கறிஞர்):

சிரஸ்தார் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலரும் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள்.

தீர்ப்புக்கு முன்னால் கட்டிய தாலி வேறு. தீர்ப்பு வந்து, மேல்முறையீட்டுக் காலம் முடிவதற்குள் கட்டிய தாலி வேறு. பிரிவு 15, விவாகரத்தானவர் மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகு, அல்லது மேல்முறையீடு தள்ளுபடியான பிறகு மறுமணம் செய்யலாம் என்கிறது. அந்தக் காலத்துக்குள் அவசரப்பட்டுச் செய்தால் கல்யாணமே செல்லாதா? இல்லை. 1978இல் லீலா குப்தா வழக்கிலேயே, காத்திருப்புக் காலத்தை மீறியதற்காக மட்டும் ஒரு திருமணம் செல்லாததாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018இல் அனுராக் மித்தல் வழக்கில், மேல்முறையீட்டை வாபஸ் வாங்க மனுப் போட்டுவிட்டு, அது அதிகாரபூர்வமாகத் தள்ளுபடியாவதற்குள் ஒருவர் மறுமணம் செய்திருந்தார். அந்தத் திருமணமும் செல்லும் என்றார்கள். 2020இல் கிருஷ்ணவேணி ராய் வழக்கு: கெடு தாண்டிப் போட்ட மேல்முறையீடு மறுமணத்தைக் கெடுக்காது.

ஆகவே "எனக்கும் அப்படித்தான், தீர்ப்பு வந்து ஒரு மாசத்தில் கட்டிக்கிட்டேன்" என்று யாராவது இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். உங்கள் தங்கையின் நிலை அதுவல்ல. அவள் கழுத்தில் தாலி ஏறிய அன்று தீர்ப்பே இல்லை. இது பிரிவு 11, சுத்தமாக.

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு அவர்கள் ஏன் இழுக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? நல்ல மனசால் இல்லை. விவாகரத்து மனுவில் "எங்களுக்குச் சட்டப்படி திருமணம் நடந்தது" என்று இருவரும் கையெழுத்திட்டு ஆரம்பிக்க வேண்டும். அதில் தங்கை கையெழுத்துப் போட்டால் அவருடைய இரண்டாம் திருமணக் குற்றத்துக்கு அவளே போர்வை போர்த்தியது மாதிரி ஆகும். தவிர, அந்த மனுவுக்கு ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இப்போது வந்தவளை இன்னொரு வருடம் காத்திருக்கச் சொல்வார்கள். கையெழுத்து வேண்டாம்.

எங்கே போடுவது: பிரிவு 19இல் 2003இல் ஒரு திருத்தம் வந்தது. மனைவி மனுதாரர் என்றால் அவள் இப்போது வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே போடலாம். தவிர கல்யாணமே உங்கள் ஊரில் நடந்திருக்கிறது, அதுவும் போதும். ஊட்டி கோர்ட்டில் போடுங்கள். அவர் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறி வரட்டும்.

வர்க்கி66:

மலை ஏறட்டும் 👏 அதுவும் ஜூலை மழையில்.

சேரம்பாடி தம்பி (பந்தலூர்):

வணக்கம் அண்ணா, ஐயா. நடுவில் வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் கதை தலைகீழ். எனக்கு ரத்து செய்ய வேண்டாம், காப்பாற்ற வேண்டும்.

என் மனைவிக்கு முன்னால் ஒரு கல்யாணம் ஆகி ஒரே வருடத்தில் பிரிந்துவிட்டார்கள். எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) பெரியவர்கள் உட்கார்ந்து, முத்திரைத் தாளில் "இனி ஒருவர் மேல் ஒருவருக்கு உரிமை இல்லை" என்று விடுதலைப் பத்திரம் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து, சாட்சிக் கையெழுத்து எல்லாம் இருக்கிறது. நோட்டரி சீல் கூட உண்டு. அதை நம்பித்தான் நாங்கள் கோயிலில் கல்யாணம் செய்தோம். இரண்டு பிள்ளைகள். அந்த ஆள் வயநாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டு இருக்கிறார். இந்த இழையைப் படித்ததிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது.

பூம்பாறைப்பூண்டு:

தம்பி, பயப்படாதீங்க. பெரியவங்க முன்னால எழுதினது எழுதினதுதான். எங்க மலையிலயும் காலங்காலமா ஊர்க்கூட்டத்துல தீர்த்து விடறதுதான் வழக்கம். சட்டத்திலேயே வழக்கத்துக்கு இடம் இருக்கு. கோர்ட்டு என்ன ஆகாசத்திலிருந்தா குதிச்சுது?

பழைய சிரஸ்தார்:

இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. பிரிவு 29(2) வழக்கப்படியான விவாகரத்தைக் காப்பாற்றுகிறது. ஆனால் அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் பழங்காலம் தொட்டு, விடாமல், எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்து வருகிறது என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க வேண்டியவர், வழக்கம் இருக்கிறது என்று சொல்கிறவர். 2002இல் யமனாஜி ஜாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. 2005இல் நம் தமிழ்நாட்டு வழக்கான சுப்பிரமணி எதிர் சந்திரலேகாவிலும் அப்படி ஒரு வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று தள்ளிவிட்டார்கள். பெரும்பாலும் பத்திரம் மட்டும் இருக்கும், வழக்கத்துக்குச் சாட்சி சொல்ல ஆள் வராது. நோட்டரி சீல் கையெழுத்தை உறுதி செய்யும், கல்யாணத்தை முறிக்காது.

நீலகிரியில் இன்னொரு சங்கதி உண்டு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் பட்டியல் பழங்குடியினர். பிரிவு 2(2)இன்படி, மத்திய அரசு தனியாக அறிவித்தாலொழிய இந்து திருமணச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் வழக்கமே அவர்கள் சட்டம். தம்பி, நீங்கள் எந்தச் சமூகம் என்று இங்கே பொதுவில் எழுத வேண்டாம், ஆனால் உங்கள் வக்கீலிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

சேரம்பாடி தம்பி:

நாங்கள் பழங்குடி இல்லை ஐயா. தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து வந்து டான்டீயில் (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) வேலைக்குச் சேர்ந்த குடும்பம். அப்படியென்றால் என் பிள்ளைகள்?

கருப்புக்கோட்டு:

பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் தம்பி. பிரிவு 16, செல்லாத் திருமணத்தில் பிறந்த குழந்தைகளும் முறையான வாரிசு என்கிறது. உங்கள் தனிச் சொத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. 2023 செப்டம்பரில் ரேவணசித்தப்பா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, கூட்டுக் குடும்பச் சொத்தில் அப்பாவுக்கு வந்து சேரும் பங்கிலும் அவர்களுக்கு உண்டு என்று தெளிவாக்கியது. சித்தப்பா, பெரியப்பா சொத்தில் நேராக உரிமை கேட்க முடியாது, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சிக்கல் உங்களுக்கு உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். ஒரு பெண்ணின் திருமணம் சட்டப்படி நீடிக்கும்போது பிறக்கும் குழந்தை அந்தக் கணவனுடையது என்றே சாட்சியச் சட்டம் அனுமானிக்கிறது. இருவரும் சேர்ந்து வாழ வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்டினால்தான் அது உடையும். ஆகவே அந்த ஆள் எந்த வருடம் முதல் வயநாட்டில் இருக்கிறார் என்பதற்கான காகிதம், உங்கள் ரேஷன் கார்டு, பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டு, பிறப்புச் சான்று எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். அந்த விடுதலைப் பத்திரத்தையும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அது விவாகரத்து ஆகாது, ஆனால் எந்தத் தேதியிலிருந்து பிரிந்தார்கள் என்பதற்கு நல்ல சாட்சி.

செய்ய வேண்டியது: உங்கள் மனைவி முதல் கணவர் மேல் முறையாக விவாகரத்து மனுப் போட வேண்டும். அவர் ஒத்துக்கொண்டால் பரஸ்பர சம்மதம், சீக்கிரம் முடியும். வராவிட்டால் இரண்டு வருடத்துக்கு மேல் கைவிட்டது என்ற காரணம். அவர் கோர்ட்டுக்கு வராமலே எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்ச) தீர்ப்பு வந்தால் தொண்ணூறு நாள் பொறுங்கள். குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள், இந்து திருமணச் சட்டத்தில் தொண்ணூறு. எதற்கு வம்பு, பெரிய எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் நீங்கள் இருவரும் மறுபடி தாலி கட்டி, பதிவு செய்யுங்கள். கோத்தகிரி அம்மா சொன்ன மஞ்சள் கயிறு அவர் மகளுக்குப் பொருந்தாது, உங்களுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது.

வெலிங்டன் மேரி:

கிறிஸ்தவர்களுக்கு இது எப்படி? எங்கள் தேவாலயப் பங்கில் ஒரு பையனுக்கு மறைமாவட்டத் தீர்ப்பாயம் முதல் திருமணம் செல்லாது என்று தீர்ப்புக் கொடுத்துவிட்டது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தை மாற்றியதிலிருந்து இரண்டாவது தீர்ப்பாயத்தின் ஒப்புதல் தேவையில்லை, அதனால் விரைவாகவே வந்துவிட்டது. ஃபாதர் கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்துத் திருமணமும் முடிந்தது. இப்போது முதல் மனைவியின் அண்ணன் வந்து கேஸ் போடுவேன் என்கிறார்.

கருப்புக்கோட்டு:

சிஸ்டர், கோர்ட்டில் எதுவும் வாங்கவில்லையா? வாங்கவில்லை என்றால் அண்ணன் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. 1996இல் மோலி ஜோசப் எதிர் ஜார்ஜ் செபாஸ்டியன் வழக்கு இதேதான். திருச்சபைத் தீர்ப்பாயம் கொடுத்த ரத்து நாட்டின் சட்டப்படி திருமணத்தை முறிக்காது, அதை நம்பிச் செய்த அடுத்த திருமணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். ரத்துக்குப் பிரிவு 18, 19. மறுமணம் எப்போது என்பதற்குப் பிரிவு 57, மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகு. கோயிலில் கிடைத்த தீர்ப்பு கோயிலுக்கு, கோர்ட் தீர்ப்பு மற்ற எல்லாவற்றுக்கும். இரண்டும் வேண்டும். அந்தப் பையனை உடனே ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள், அண்ணனோடு வாய்ச்சண்டை வேண்டாம்.

லீட்ஸ் நர்ஸ் (சொந்த ஊர் குன்னூர்):

இங்கிலாந்திலும் இதே கூத்துதான். முன்னால் டிக்ரி நைசை, டிக்ரி அப்சலூட் என்று இரண்டு கட்டம். 2022 ஏப்ரலிலிருந்து கண்டிஷனல் ஆர்டர், ஃபைனல் ஆர்டர் என்று பெயர் மாறியிருக்கிறது. முதலாவது வந்து ஆறு வாரம் ஒரு நாள் கழித்துத்தான் இரண்டாவதற்கு விண்ணப்பிக்கலாம். முதல் தாளைப் பார்த்ததும் பார்ட்டி வைத்துவிட்டு ஊருக்கு வந்து தாலி கட்டுகிற நம்மாட்களை எனக்குத் தெரியும். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் ஃபைனல் ஆர்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் கல்யாணம் இல்லை.

தங்கைக்காக:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. தங்கை எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தாள். அவள் கேட்கச் சொன்ன இரண்டு கேள்விகள். ஒன்று, ஆரம்பத்திலிருந்தே செல்லாத கல்யாணம் என்றால் கோர்ட்டுக்கு ஏன் போக வேண்டும், அப்படியே விட்டுவிட்டால் என்ன? இரண்டு, "கல்யாணமே இல்லை" என்று நாமே போய்ச் சொன்னால் ஜீவனாம்சம், நகை எதுவும் கேட்க முடியாது என்று அவர்கள் வக்கீல் போனில் மிரட்டுகிறார். உண்மையா? அம்மாவுக்கு இந்த இரண்டாவதில்தான் பயம்.

பழைய சிரஸ்தார்:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். சட்டப்படி தேவையில்லை என்பது சரிதான், தீர்ப்பு இல்லாமலே அது செல்லாது. ஆனால் நாளைக்கு அவள் வேறு கல்யாணம் செய்யும்போது மாப்பிள்ளை வீட்டாருக்கு எதைக் காட்டுவாள்? மண்டப போட்டோ ஊரெல்லாம் இருக்கிறது. கோயிலில் கல்யாணம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் முதல் திருமணம் என்று சான்று கேட்பார்கள். அவர் எதை வைத்துக் கொடுப்பார்? ஒரு தீர்ப்பு நகல் கையில் இருந்தால் இந்தப் பேச்செல்லாம் நின்றுபோகும். அதற்காகத்தான்.

வழக்கும் இழுக்காது. வழக்கமாக இந்த மாதிரி வழக்கில் முதல் திருமணத்தை நிரூபிக்கத்தான் உயிர் போகும். கோவையிலிருந்து போன வேலுச்சாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில், முதல் மனைவியைக் கட்சி சேர்க்காமல், அவர் முதல் மனைவிதானா என்று முடிவு செய்ததற்காகவே 2010இல் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. உங்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. அவர் கோயமுத்தூர் கோர்ட்டில் "இவர் என் மனைவி, விவாகரத்து கொடுங்கள்" என்று தானே கையெழுத்திட்ட மனுவும், நவம்பர் தீர்ப்பும் போதும். போன் போட்டோ மட்டும் போதாது, சான்றிட்ட நகல் வேண்டும். அந்த வழக்கில் தங்கை கட்சி இல்லை என்பதால் மூன்றாம் நபராக, காரணம் சொல்லி அபிடவிட்டோடு நகல் மனுப் போட வேண்டும். வழக்கு எண் கையில் இருப்பதால் சுலபம்.

கருப்புக்கோட்டு:

இரண்டாவது கேள்வி. அந்த வக்கீல் பழைய பாடத்தை ஒப்பிக்கிறார். 1988இல் யமுனாபாய் வழக்கில் அப்படித்தான் இருந்தது, இரண்டாம் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று. 2013இல் பாத்ஷா வழக்கில், முதல் கல்யாணத்தை மறைத்து ஏமாற்றியவர் அதையே காட்டித் தப்ப முடியாது என்றார்கள். 2025 ஜனவரியில் உஷா ராணி வழக்கு: சேரம்பாடி தம்பி கவனிக்க, அதிலும் முதல் திருமணம் ஒப்பந்தப் பத்திரத்தில்தான் முடிந்திருந்தது, தீர்ப்பு இல்லை. அது தெரிந்தே மணந்த இரண்டாவது கணவர் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்றது கோர்ட். அடுத்த மாதமே சுக்தேவ் சிங் எதிர் சுக்பீர் கவுர் வழக்கில் மூன்று நீதிபதிகள், பிரிவு 11இல் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட திருமணத்திலும் பிரிவு 25இல் நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம், வழக்கு நடக்கும்போது பிரிவு 24இல் இடைக்காலத் தொகையும் கேட்கலாம் என்று தீர்த்துவைத்தார்கள். கொடுப்பதா வேண்டாமா, எவ்வளவு என்பது நீதிபதி விருப்பம். யார் ஏமாற்றினார் என்று பார்ப்பார். உங்கள் விஷயத்தில் அது அவர்களுக்குச் சாதகமாக இருக்காது. கல்யாணத்தின்போது கொடுத்த பொருட்களுக்குப் பிரிவு 27 இருக்கிறது. மூன்றையும் ஒரே மனுவில் கேளுங்கள். நகைக் கடை பில், சீர் வரிசை போட்டோ இருந்தால் இப்போதே ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

இன்னொன்று. ஏமாற்றிக் கல்யாணம் செய்தார் என்று பிரிவு 12இல் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். அதற்கு உண்மை தெரிந்த ஒரு வருடத்துக்குள் என்று கெடு உண்டு. பிரிவு 11க்கு அந்தக் கெடு கிடையாது. அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

வர்க்கி66:

கேஸ் மட்டும் போதுமா? தேதியை மாத்தச் சொன்ன ஆளை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டாமா?

கருப்புக்கோட்டு:

போடலாம். கல்யாணம் 2023 என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். 494க்கு ஏழு வருடம் வரை, முந்தைய கல்யாணத்தை மறைத்துச் செய்தால் 495இன்படி பத்து வருடம் வரை. 2024 ஜூலை 1 முதல் நடந்தவற்றுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 82. இரண்டாம் மனைவியும் பாதிக்கப்பட்டவர்தான், அவரும் புகார் கொடுக்கலாம் என்று 2011இல் சுபாஷ் பாபு வழக்கில் சொல்லியாகிவிட்டது. ஐயர் சப்தபதி (ஏழடிச் சடங்கு) நடத்தவில்லை என்று தப்பவும் முடியாது, அது இல்லாமலும் கல்யாணம் செல்லும் என்கிற தமிழ்நாட்டுத் திருத்தமான 7ஏ இருக்கிறது, 2001இல் நாகலிங்கம் எதிர் சிவகாமி வழக்கும் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: அவருக்கு ஏற்கெனவே திருமணமானது உங்களுக்குத் தெரியும். முடிந்துவிட்டது என்று பொய் சொன்னதுதான் மறைப்பு. அதை நிரூபிக்க அந்த முதல் பக்கத் தாளைக் காட்டிய பேச்சுக்குச் சாட்சி வேண்டும். சித்தப்பா வருவாரா?

பழைய சிரஸ்தார்:

என் அபிப்பிராயம் வேறு. கிரிமினல் கேஸை இப்போது கையில் எடுத்தால் இரண்டு வழக்கும் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு கிடக்கும். முதலில் செல்லாது என்ற தீர்ப்பை வாங்கட்டும். அது கையில் வந்த பிறகு அவள் விருப்பம்.

வெலிங்டன் மேரி:

ஐயா, இப்படித்தான் எல்லாப் பெண்களையும் "அப்புறம்" என்று சொல்லி உட்கார வைக்கிறோம். அப்புறம் சாட்சி சொல்லச் சித்தப்பாவுக்கு வயதாகிவிடும், மண்டபக்காரர் ரசீதைத் தொலைத்துவிடுவார். புகாரைக் கொடுத்து வைக்கட்டுமே. அவர் வேறொரு வீட்டில் போய் இன்னொரு தாளைக் காட்ட மாட்டார் என்று என்ன நிச்சயம்?

பழைய சிரஸ்தார்:

அதுவும் நியாயம்தான். முடிவு அந்தப் பெண்ணுடையது, என்னுடையது அல்ல.

தங்கைக்காக:

சின்னத் தகவல். ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய் வந்தோம். 15100க்குப் போன் செய்து கேட்டபோது, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள் என்றார்கள், 1987 சட்டத்திலேயே இருக்கிறதாம். இத்தனை வருடம் இந்த மலையில் இருக்கிறோம், எங்களுக்குத் தெரியாது. வக்கீல் ஒரு பெண், பொறுமையாகக் கேட்டார். பிரிவு 11 மனு, கூடவே 24, 25, 27. கோயமுத்தூரில் நகல் மனுவும் போட்டாகிவிட்டது. கிரிமினல் புகாரைப் பற்றித் தங்கை இன்னும் முடிவு செய்யவில்லை. சித்தப்பா மட்டும் "எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

ஒரு சந்தேகம்: தீர்ப்பு வந்த பிறகு அவள் மறுமணத்துக்குத் தொண்ணூறு நாள் காத்திருக்க வேண்டுமா?

கருப்புக்கோட்டு:

பிரிவு 15 விவாகரத்துத் தீர்ப்பைப் பற்றி மட்டும் பேசுகிறது, செல்லாது என்ற அறிவிப்பைப் பற்றி அல்ல. இருந்தாலும் அவர் மேல்முறையீடு செய்ய முடியும். அந்தக் காலம் போகட்டும். இப்படி ஒருமுறை பட்ட பிறகு அவசரம் எதற்கு?

சேரம்பாடி தம்பி:

ஐயா, நான் மனைவியிடம் பேசிவிட்டேன். அந்த ஆளும் அவருடைய இப்போதைய வீட்டுக்காரிக்குப் பயந்து பரஸ்பர சம்மதத்துக்கு ஒத்துக்கொண்டார். அவருக்கும் இதே சிக்கல்தானே! எல்லாம் முடிந்து நாங்கள் பதிவு செய்யும்போது படிவத்தில் கல்யாணத் தேதி என்று இருக்குமே, அதில் எதை எழுதுவது? பெரியவனுக்கு ஏழு வயது. புதுத் தேதி போட்டால் ஸ்கூலில் ஏதாவது கேட்பார்களா?

பழைய சிரஸ்தார்:

புதுத் தேதியைத்தான் எழுத வேண்டும் தம்பி. பழைய கல்யாணப் பத்திரிகையை இணைக்காதீர்கள், புதிதாக நாலு பேர் முன்னால் கட்டி அந்த போட்டோவை வையுங்கள். உங்கள் மனைவிக்கு நேரே "விவாகரத்தானவர்" என்று எழுதி, தீர்ப்பு நகலைச் சேருங்கள், எல்லாப் பக்கமும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றில் கை வைக்க வேண்டாம். அதில் அப்பா பெயர் உங்களுடையதுதானே? ஸ்கூலில் அதைத்தான் பார்ப்பார்கள், உங்கள் கல்யாணத் தேதியை யாரும் கேட்கப் போவதில்லை.